பத்திரமெல்லாம் அண்ணன் கையில், ராஜிக்கும் அவரே கூப்பிடுகிறார்: முதலில் எதைக் கேட்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வீடு, கொஞ்சம் நஞ்சை, ஒரு மாவு மில், வங்கியில் வைப்புத் தொகை ஆகியவற்றை விட்டுச் சென்றிருக்கிறார். அத்தனைக்கும் உரிய காகிதங்கள் அண்ணனிடம் இருக்கின்றன. உயில் இருக்கிறது என்று சொல்லும் அண்ணன் அதைக் கண்ணில் காட்டியதில்லை. தங்கை சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு போட்டிருக்கிறார், அதற்கு அண்ணனின் எதிருரையும் (பதிலும்) வந்துவிட்டது. இப்போது அண்ணன் தரப்பு, "ஒரு தொகை தருகிறோம், ராஜியாகப் போய்விடலாம்" என்கிறது, அதாவது சமரசம் எழுதி வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. ஆவணங்களைக் காட்டு என்று கோர்ட் அண்ணனுக்கு உத்தரவிடுமா? ராஜி எழுதிய பிறகு ஏமாந்தது தெரிந்தால் வழக்கைத் திரும்பத் திறக்கலாமா?

உத்தரவிடும். ஆனால் கேட்க வேண்டிய முறையில் கேட்க வேண்டும், கேட்காதவருக்காகக் கோர்ட் தானாக எதையும் தேடித் தராது. ராஜியைத் திரும்பத் திறப்பதைப் பற்றி நம்பிக்கையாக எதுவும் சொல்ல மாட்டேன். அந்தக் கதவு மிகவும் குறுகலானது. அதனால் வரிசை முக்கியம்: முதலில் ஆவணம், அதற்கப்புறம்தான் பேரம். "முதலில் கையெழுத்துப் போடுங்கள், காகிதமெல்லாம் பிறகு தருகிறோம்" என்று யார் சொன்னாலும், அவர் உங்கள் சொந்தத் தாய்மாமாவாகவே இருந்தாலும், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-இல் உங்களுக்கு வேண்டியது கட்டளை 11. அதன் 12-வது விதிப்படி, இந்த வழக்கு சம்பந்தமாக உங்கள் கையிலோ உங்கள் கட்டுப்பாட்டிலோ உள்ள ஆவணங்கள் எவை என்று சத்தியப் பிரமாணத்தில் சொல்லும்படி எதிர்த்தரப்புக்கு உத்தரவிடக் கோரலாம். ஐ.ஏ. (வழக்குக்குள் போடும் இடைக்கால மனு) ஒன்று போட்டால் போதும், இந்த விதிக்குத் தனியாக அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்) கூடத் தேவையில்லை. உத்தரவு வந்தால் அண்ணன் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். சட்டத்தின் பின்னிணைப்பு சி-யில் 5-ம் எண் படிவமாக அதன் மாதிரி இருக்கிறது. இப்போது கையில் இருப்பவை, இருந்தும் காட்ட மறுப்பவை, முன்பு இருந்து இப்போது இல்லாதவை என்று அது பிரிந்து போகும். கடைசி வகைக்கு, ஆவணம் எப்போது கையை விட்டுப் போனது, இப்போது யாரிடம் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். இந்த மூன்றாவது பத்திதான் பொன்னானது. "அப்பாவின் பழைய கணக்குப் புத்தகமா? அது எங்கே போச்சோ" என்று வாயால் சொல்வது எளிது. அதையே சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும்போது பலருக்குக் கை தயங்கும். பொய் என்று பின்னால் தெரிந்தால் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு காகிதமே போதும்.

விதி 14 வேறு வேலை செய்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆவணம் அவரிடம் இருப்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால், அதைக் கோர்ட்டில் கொண்டு வந்து வைக்கச் சொல்லலாம். விதி 15 இன்னும் எளிது. எதிருரையிலோ பிரமாணப் பத்திரத்திலோ அவரே ஓர் ஆவணத்தைக் குறிப்பிட்டிருந்தால், அதைப் பார்வையிடவும் நகல் எடுக்கவும் நேராக நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் கிடைத்த பத்து நாளுக்குள் அவர் நேரமும் இடமும் சொல்ல வேண்டும். உங்கள் வழக்கில் எதிருரையில் "உயில்" என்ற சொல் ஓர் இடத்தில் வந்திருந்தாலே இந்த நோட்டீஸுக்குப் போதும். அதைக் காட்டாமல் விட்டால், தகுந்த காரணம் சொல்லிக் கோர்ட்டைத் திருப்திப்படுத்தாமல் அதைத் தன் சாட்சியமாக அவர் வைக்க முடியாது. தான் சார்ந்து நிற்கும் ஆவணத்தை எதிருரையோடு தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டளை 8-இன் விதி 1ஏ-யும் சொல்கிறது. தாக்கல் செய்யாத உயிலைப் பிறகு கொண்டு வர அவர் கோர்ட்டின் அனுமதி கேட்டாக வேண்டும். வந்தாலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றித்தான் உயிலை நிரூபிக்க முடியும். காட்டாத உயிலுக்குப் பயந்து பங்கைக் குறைத்துக்கொள்வதைப் போல் வீண் வேறில்லை.

உங்கள் மனு தோற்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. "எதிர்த்தரப்பிடம் உள்ள எல்லா ஆவணங்களும்" என்று வலை வீசினால், வேவு பார்க்கும் முயற்சி என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். நியாயமான தீர்ப்புக்கோ செலவைக் குறைப்பதற்கோ இது தேவையில்லை, அல்லது இந்தக் கட்டத்தில் தேவையில்லை என்று கோர்ட்டுக்குப் பட்டால் மறுக்கலாம் என்று விதி 12-லேயே இருக்கிறது. அதனால் மனுவில் ஆவணத்தையும் காரணத்தையும் ஒட்டி எழுதுங்கள். மில்லின் வரவு செலவுப் புத்தகம் எந்த ஆண்டு முதல், எதை நிரூபிக்க, வைப்பு ரசீது எந்த வங்கிக் கிளை, அப்பா பெயரில் எப்போது இருந்தது, இப்படி. அதே சமயம், அது சாட்சியமாக ஏற்கப்படக் கூடிய ஆவணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தகராறில் உள்ள விஷயத்துக்கு வெளிச்சம் தரும் என்றால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லியிருக்கிறது. வழக்கறிஞரோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தைக் கேட்க முடியாது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. "இது ரகசியம்" என்று வேறு ஏதாவதற்குச் சொன்னால், நீதிபதி தானே அந்தக் காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

உத்தரவு போட்டும் காட்டவில்லை என்றால்? விதி 21 இருக்கிறது. வாதி மீறினால் வழக்கே தள்ளுபடி ஆகலாம், பிரதிவாதி மீறினால் அவருடைய எதிர்வாதத்தை நீக்கிவிடலாம். கேட்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் நடைமுறையில் நீதிபதிகள் இதை லேசில் எடுக்க மாட்டார்கள். வேண்டுமென்றே, பிடிவாதமாக மீறினால்தான் எதிர்வாதத்தை நீக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978-ல் சொன்னது. ஆகவே முதல் வாய்தாவிலேயே விதி 21 மனுவோடு பாய வேண்டாம். உத்தரவு, கால அவகாசம், மறுபடி அவகாசம், அப்புறமும் தரவில்லை என்று பதிவாகட்டும். பிறகு போடுங்கள்.

நான் அதிகம் நம்புவது தண்டனையை அல்ல, பாதகமான அனுமானத்தை. கையில் உள்ள சிறந்த சாட்சியத்தை ஒருவர் மறைத்தால், அது வெளியே வந்தால் அவருக்கு எதிராக இருந்திருக்கும் என்று கோர்ட் ஊகிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 114-இன் உதாரணம் ஜி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தில் அது பிரிவு 119. மும்பைப் பக்கம் கல்யாணில் ஹாஜி மலங் தர்கா இருக்கிறதே, அதன் நிலம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 1968-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்கு இன்றும் அடிப்படை. நிலம் தன் சொந்தம் என்றவர், தர்காவின் கணக்கு தன்னிடம் இருப்பதாகச் சாட்சியத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த நிலத்தின் வருமானம் எந்தக் கணக்கில் போனது என்று காட்டும் புத்தகம் எதையும் தாக்கல் செய்யவில்லை. நிரூபிக்கும் பாரம் என் மேல் இல்லையே, நான் ஏன் காட்ட வேண்டும் என்பது போன்ற வாதம் செல்லாது, கையில் இருப்பதைக் காட்டியே ஆக வேண்டும் என்று முடிந்தது. உங்கள் மில் கணக்குக்கு இது அப்படியே பொருந்தும். ஆனால் நீங்கள் முறைப்படி கேட்டிருந்தால்தான் இந்த வாதத்துக்கு முழு எடை வரும். கேட்காமலே இருந்துவிட்டு வாதுரையில் "மறைத்தார்" என்றால், "நீங்கள் கேட்கவே இல்லையே" என்பார்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. ஆவணத்தைக் கொண்டு வர நோட்டீஸ் கொடுத்தும் அவர் அதைக் கொண்டு வரவில்லை என்றால், உங்களிடம் உள்ள ஜெராக்ஸை இரண்டாம் நிலைச் சாட்சியமாக வைக்க வழி திறக்கும். அப்படி மறுத்த ஆவணத்தைப் பிறகு அவரே தன் வசதிக்குக் கொண்டு வர வேண்டுமானால் உங்கள் சம்மதமோ கோர்ட் உத்தரவோ வேண்டும்.

சரி, இதற்கிடையில் சும்மா இருக்க வேண்டியதில்லை. பாதி ஆவணங்கள் அண்ணனைக் கேட்காமலே கிடைக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் அப்பா பெயரில் என்னென்ன வந்தது, என்னென்ன போனது என்று தெரியும். பத்திரங்களின் சான்றிட்ட நகல் யாரும் வாங்கலாம். உயில் பதிவு செய்யப்பட்டிருந்தால், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரைத் தவிர வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள், காலமான பிறகு விண்ணப்பித்தால் கிடைக்கும். பட்டா, சிட்டா, அ பதிவேடு எல்லாம் வருவாய்த் துறையில் இருக்கின்றன. வங்கிக்கு மட்டும் கோர்ட் வழியாகத்தான் போக வேண்டும். வங்கி வழக்கில் தரப்பினராக இல்லாதபோது, வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம் 1891-படி சிறப்பு உத்தரவு பெற்றுத்தான் கணக்குகளை வரவழைக்க முடியும். அண்ணன் நாமினி என்பதால் வைப்புத் தொகை அவருக்கே சொந்தம் என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறு. நாமினி வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டும்தான், பணம் வாரிசுகளுக்குப் போக வேண்டியது.

மில் ஒரு கூட்டு நிறுவனமாக, கூட்டாண்மைப் பத்திரத்தோடு நடந்தது என்றால் கதை கொஞ்சம் மாறும். கூட்டாண்மை ஒப்பந்தத்திலிருந்து வரும் தகராறு, மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015-க்குள் வரும். (ஆரம்பத்தில் 1 கோடியாக இருந்த வரம்பை 2018-ல் இறக்கினார்கள்.) அங்கே கட்டளை 11 முழுக்க வேறு. யாரும் மனுப் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. பிராதோடும் (வாதி தாக்கல் செய்யும் வழக்குரை) எதிருரையோடும் அவரவரிடம் உள்ள ஆவணங்கள் எல்லாவற்றையும், தனக்குப் பாதகமானவை உட்பட, பட்டியலிட்டு நகலோடு தாக்கல் செய்ய வேண்டும். எதிருரை வந்த 30 நாளுக்குள் பார்வையிடல். சாதாரணப் பாகப்பிரிவினைக்கும் இந்த முறை வந்தால் எவ்வளவு வாய்தா மிச்சமாகும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. ஆனால் இன்றைக்கு அது இல்லை.

இனி ராஜி. கட்டளை 23, விதி 3. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்திட வேண்டும், சட்டப்படி செல்லக்கூடியதாக இருக்க வேண்டும். கோர்ட் அதைப் பதிவு செய்து அதன்படி தீர்ப்பாணை கொடுக்கும். லண்டனில் வழக்கு நடத்திய உறவினர் யாராவது, "அங்கே விதிமுறைகளைத் தனி அட்டவணையில் வைத்து ரகசியமாக்கிவிடுவார்களே" என்று சொல்லலாம். அது டாம்லின் உத்தரவு. 1927-ல் டாம்லின் என்ற நீதிபதி காட்டிய வழி. வழக்கு நிறுத்தி வைக்கப்படும், அட்டவணையில் உள்ளவை நேரடியாகக் கோர்ட் உத்தரவு ஆகாது. இங்கே அப்படி இல்லை. வழக்கைப் பொறுத்தவரை நீங்கள் எழுதியதே தீர்ப்பாணை ஆகிறது, அதை வைத்து நேராக நிறைவேற்று மனுப் போடலாம்.

பலமும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான். சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்பாணையை எதிர்த்துப் பிரிவு 96(3)-படி மேல்முறையீடு கிடையாது. ராஜி சட்டப்படியானது அல்ல என்று சொல்லித் தனி வழக்குப் போடவும் விதி 3ஏ தடை போடுகிறது. தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றில் 1984-ல் பதிவான ராஜித் தீர்ப்பாணை செல்லாது என்று போட்ட தனி வழக்கு, 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் இந்த விதியில் மோதித்தான் நின்றது. மிச்சம் இருக்கும் முக்கிய வழி, ராஜியைப் பதிவு செய்த அதே கோர்ட்டுக்குப் போய், மோசடியால் சம்மதம் வாங்கினார்கள், இது சட்டப்படியான ஒப்பந்தமே அல்ல என்று காட்டுவது. பாரம் முழுக்க உங்கள் மேல். "அப்போது எனக்குச் சொத்தின் மதிப்புத் தெரியாது" என்பது மோசடி ஆகாது. ஆனால் அண்ணன் சத்தியப் பிரமாணத்தில் ஆவணப் பட்டியல் கொடுத்து, அதில் ஒரு வைப்பையோ நிலத்தையோ மறைத்து, அந்தப் பட்டியலை நம்பி நீங்கள் ராஜி எழுதினீர்கள் என்றால், உங்கள் கையில் எழுத்தில் ஒரு பொய் இருக்கிறது. விதி 12 மனுவை ராஜிக்கு முன்பே போடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அவர் உண்மையைச் சொன்னால் பேரத்துக்கு உதவும். பொய் சொன்னால் பிற்காலத்துக்கு உதவும்.

ராஜி மனுவின் வாசகத்தில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய பத்தியில் இருக்கும்: "இனி அப்பாவின் வேறு எந்தச் சொத்திலும் எனக்கு எந்த உரிமையும் பாத்தியதையும் இல்லை." டைப் செய்பவர் பழக்க தோஷத்தில் சேர்ப்பதும் உண்டு, தெரிந்தே சேர்ப்பதும் உண்டு. இந்த வரி இல்லாவிட்டால், ராஜியில் சேராத சொத்து பின்னால் தெரியவந்தால் அதில் பங்கு கேட்க வழி இருக்கும். இருந்தால் பெரும் போராட்டம். அதை எடுத்துவிட்டு, "பிரதிவாதி இன்ன தேதியிட்ட பிரமாணப் பத்திரத்தில் வெளிப்படுத்திய சொத்துகளைப் பொறுத்து மட்டும் இந்தச் சமரசம், வெளிப்படுத்தாத சொத்து தெரியவந்தால் அதில் இன்ன விகிதத்தில் பங்கு" என்று எழுதச் சொல்லுங்கள். அண்ணன் மறைக்க எதுவும் இல்லை என்றால் இதற்கு அவர் மறுக்கக் காரணமே இல்லை. மறுத்தால் உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்துவிட்டது.

தொகை வாங்கிக்கொள்வதானால் தேதி, தவணை, தவறினால் வட்டி, அதுவரை சொத்தின் மேல் பொறுப்பு (பணத்துக்கு அந்தச் சொத்தே ஈடு என்ற வாசகம்) ஆகியவை வேண்டும். பொறுப்பு என்று எழுதாவிட்டால், அவர் சொத்தை விற்றுவிட்ட பிறகு வெறும் பணப் பாக்கி கேட்பவராக நீங்கள் அவர் பின்னால் ஓட வேண்டும். நிலமோ வீட்டின் ஒரு பகுதியோ வாங்குவதானால் சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, வரைபடம், சுவாதீனம் தரும் நாள், மூலப் பத்திரம் யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் வேண்டும். "தரப்பினர் சுமுகமாகப் பிரித்துக்கொள்வார்கள்" என்ற வாக்கியம் உள்ள தீர்ப்பாணையை நிறைவேற்ற எந்த அமீனாவாலும் (கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) முடியாது.

அம்மா உயிரோடு இருந்தால் அவரும் வாரிசு, அவர் கையெழுத்து இல்லாத ராஜி அரைகுறை. பங்குதாரர்களில் மைனர் யாராவது இருந்தால், இறந்துபோன இன்னொரு சகோதரரின் பிள்ளை மாதிரி, காப்பாளர் தானாகக் கையெழுத்துப் போட முடியாது. கட்டளை 32 விதி 7-படி கோர்ட்டின் வெளிப்படையான அனுமதி வேண்டும். வாங்காவிட்டால் அந்தக் குழந்தை மேஜரான பிறகு ராஜியை ரத்து செய்யக் கேட்கலாம், மற்றவர்களால் கேட்க முடியாது. நீங்களே நேரில் போய் நீதிபதி முன் கையெழுத்துப் போடுங்கள். வக்காலத்தில் அச்சடித்த வாசகத்தை வைத்து வழக்கறிஞர் கையெழுத்திட்ட ராஜிகள் பல தனி வழக்குகளைப் பெற்றிருக்கின்றன.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். வெளியில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, கோர்ட்டில் "வழக்கை வலியுறுத்தவில்லை" என்று மெமோ போட்டு முடிப்பது. மறுபடி வழக்குப் போட அனுமதி பெறாமல் வாபஸ் வாங்கினால், அதே விஷயத்தில் திரும்ப வர கட்டளை 23 விதி 1 தடை சொல்லும். பாகப்பிரிவினையில் அந்தத் தடை எவ்வளவு தூரம் செல்லும் என்று வாதாட இடம் இருக்கலாம். ஆனால் கையில் தீர்ப்பாணை இருக்காது, வெள்ளைத் தாள்தான் இருக்கும்.

நேரில் பேச முகம் கொடுக்க முடியவில்லை என்றால் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ல் தொடங்கிய மையத்தை ஒட்டி இப்போது மாவட்டங்களிலும் இருக்கின்றன. குடும்பப் பாகப்பிரிவினை சமரசத்துக்கு ஏற்ற வகை என்று உச்ச நீதிமன்றமே 2010-ல் சொல்லியிருக்கிறது. அங்கே பேசியதைக் கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது, அதனால் தயங்காமல் பேசலாம். ஆனால் விதி 12 உத்தரவு வாங்கி, பட்டியல் கைக்கு வந்த பிறகு போங்கள்.

தீர்ப்பாணை வந்த பின் இரண்டு வேலை. வழக்கில் உள்ள சொத்தை மட்டும், ஏற்கெனவே உரிமை உள்ளவர்களுக்குள் பிரித்திருந்தால் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. வழக்கில் இல்லாத வேறு அசையாச் சொத்தை ராஜியில் சேர்த்தால் பதிவுச் சட்டம் பிரிவு 17(2)(6)-இன் விலக்கு அதற்குக் கிடைக்காது, பதிய வேண்டும். பாகப்பிரிவினை இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கவும் வேண்டும். முத்திரைத்தாள் கொடுக்கத் தாமதித்தாலும் நிறைவேற்றுவதற்கான 12 ஆண்டுக் கெடு தீர்ப்பாணை தேதியிலிருந்தே ஓடும் என்று 2005-ல் தீர்ந்துவிட்டது. அண்ணன்தானே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பீரோவில் வைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, கோர்ட் கட்டணம். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவுப்படி, சமரசத்தில் முடிந்த வழக்கில் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். கோர்ட் அனுப்பிய சமரசத்துக்குத்தான் இது, தரப்பினர் தாங்களே வெளியில் பேசி முடித்தால் இல்லை என்று ஒரு கருத்து இருந்தது. சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகமே அந்த நிலைப்பாட்டோடு உச்ச நீதிமன்றம் போய் 2021-ல் தோற்றது. தனியாகப் பேசி முடித்தவருக்கும் திருப்பிக் கொடு என்றார்கள். ஆகவே ராஜியைப் பதிவு செய்யும் அன்றே, கட்டணத்தைத் திருப்பித் தர உத்தரவிடும்படி மனுவில் ஒரு வரி சேர்த்துவிடச் சொல்லுங்கள்.